நாற்பத்தொன்றாம் வரிசை

பெயர் எழுதக் கூடாது, அது விதி.
ஆகவே அவள் நாற்பத்தொன்று.
வயது ஏழு. கல்லீரலின் வலப்பக்கம்
ஆப்பிள் அளவில் நீர்க்கட்டி.
அறுவைக்குப் பின் ஆறு மாதம் மாத்திரை;
மற்றப் பாதிக் குழந்தைகளுக்கு மூன்றே மாதம்.
எது போதும் என்று எங்களுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் சீட்டுக் குலுக்கியிருக்க மாட்டோம்.

அறுத்த அன்று கொக்கி பிடித்து நின்றவள் நான்.
உப்புநீரில் நனைத்த துணிகளால் சுற்றிலும் அணை.
ஒரு சொட்டு சிந்தினாலும்
வயிறெங்கும் விதைத்ததாகிவிடும்.
ஊசி உறிஞ்ச உறிஞ்சக் கட்டி தொய்ந்தது.
ஈரக் காகிதம் போல உள்தோல்
முழுதாகக் கழன்று வந்த பிறகுதான்
யாரோ இருமினார்கள்.

பன்னிரண்டாம் மாதக் கட்டம் காலி.

உலான்பாட்டரில், மூன்றாம் மாடியில்,
கரிப்புகை படிந்த ஜன்னலோரம்
அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
குணமாகிவிட்ட பிள்ளை திரும்பி வராது.
செத்துப்போன பிள்ளையும் வராது.
கணினிக்கு இரண்டும் ஒரே வெள்ளைச் சதுரம்.

"அறுபத்துநான்கில் ஏழுதானே காலி,"
என்றார் புள்ளிவிவரம் பார்க்கும் எர்தெனெபத்.
"நிரப்பக் கணக்கில் வழி இருக்கிறது."
இருக்கிறது. நானும் படித்ததுதான்.
மற்றவர்கள் எப்படியோ இவளும் அப்படியே என்று
ஓர் எண்ணை ஊகித்து இடலாம்.
எனக்கோ அவளுடைய முன்பல் இல்லாத வாய்
நினைவுக்கு வந்து தொலைத்தது.

தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை.
வட்டார அலுவலகத்தில் சொன்னார்கள்:
பனி இறுகிய குளிரில் பாதி மந்தை போயிற்று,
கெர்லென் ஆற்றுப் பக்கம் பெயர்ந்ததாகக் கேள்வி.

இரண்டு நாள் பயணம். கன்சுக்கின் பழைய ரஷ்ய வேன்
மணிக்கொரு தரம் கொதித்து நின்றது.
கூடாரம் தெரியும் இடமெல்லாம் இறங்கி
வழக்கப்படி கத்தினோம்: "நாயைப் பிடியுங்கள்!"
எங்கள் புல்வெளியில் வணக்கம் அதுதான்.
நாயிடமிருந்து வரும் நோய்க்கு அலைகிறவளுக்கு
வேறென்ன வணக்கம் பொருந்தும்.

ஒன்பதாவது கூடாரத்தில்
மடியில் ஆட்டுக்குட்டி, கையில் பால்புட்டி,
நிமிர்ந்து பார்த்தாள்.
துல்குன். அவள் பெயர் துல்குன்.
முன்பல் முளைத்திருந்தது, கொஞ்சம் கோணலாக.

"குட்டி ஈனும் மாசம்," என்றாள் அவள் தாய் யாதம்சுரேன்.
"விட்டுவிட்டு யார் வருவது?"
மன்னிப்பாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.
உப்பிட்ட பால்தேநீர் ஊற்றினாள்.

கட்டிலில் படுக்கவைத்து ஸ்கேன் கருவியை ஓட்டினேன்.
ஜெல்லின் குளிர்ச்சிக்கு நெளிந்தாள்.
பழைய குழி சுருங்கிக் கிடந்தது.
புதிதாக ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
தழும்பு பதினொரு சென்டிமீட்டர்;
தாய் விரல் விரித்து அளந்து
"சாணுக்குக் குறைவு" என்றாள், ஏமாற்றத்தோடு.

"மாத்திரை முழுதும் போட்டாளா?"

தகப்பன் பாத்சுரி தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.
"புழு நாய்க்குள்ளே இருக்கிறது என்று
நீங்கள்தானே சொன்னீர்கள்.
மூன்று மாதம் இவளுக்கு.
மூன்று மாதம் அதற்கு."

கன்சுக் சிரிப்பை அடக்க வெளியே ஓடினான்.
நாய்க்கு வேறு மருந்து என்று விளக்கினேன்,
ஆட்டுக் குடலை அதற்குப் போடாதே என்றேன்.
தலையாட்டினான். என் படிவத்தைப் பார்த்தான்.
அதில் நாய்க்குக் கட்டம் இல்லை.

யாருக்கு எதைக் கொடுக்க எண்ணினோமோ
அந்தப் பக்கத்திலேதான் எண்ணுவோம்; அதுவும் விதி.
ஆகவே இவள் ஆறு மாதக்காரிதான், கடைசிவரை.
குறிப்பு என்ற ஒற்றை வரியில்
பென்சிலால் எழுதினேன், நாயையும் சேர்த்து.
பேனா உறைந்திருந்தது.

புறப்படும்போது கறுப்பு நாய்
வேன் சக்கரத்தை முகர்ந்தது.
துல்குன் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனவள்
என்னைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.
நான் திரும்பியதும் கட்டிக்கொண்டிருப்பாள்.

இன்னும் ஆறு கட்டம் காலி.
ஐம்பத்திரண்டு தெற்கே, கோபியில்.
பையனா பெண்ணா என்று பட்டியலில் இருக்கிறது.
முகம் நினைவில்லை.